இரவு முழுக்க ஃபேன் ஓட எந்தப் பெட்டி?

கேள்வி: அண்ணா, நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றில் நாலாம் மாடியில் இருக்கிறோம். ஜெனரேட்டர் வைக்க விடமாட்டார்கள். கரண்ட் போனால் ஒரு ஃபேன், இரண்டு பல்ப், ரவுட்டர் ஓடினால் போதும், முடிந்தால் ஃப்ரிட்ஜும். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றி வைக்கும் பற்றரிப் பெட்டிகளில் ஈகோஃப்ளோ ரிவர் 2, டெல்டா 2 என்று இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? டொரொன்டோவில் இருக்கும் தம்பி வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறான்.

பதில்: முதலில் தம்பிக்கு ஃபோன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பயணிகள் விமானத்தில் கொண்டுவரக்கூடிய லித்தியம் பற்றரிக்கு உச்ச அளவே 160 வொட் அவர்தான் (பற்றரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற கணக்கு), அதற்கும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நீங்கள் சொன்னதில் சின்னதே 256. அங்கே விற்பது 120 வோல்ட் தரும், நம் வீட்டுச் சாமானுக்கு 230 வேண்டும்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். கடையில் 300 வொட்ஸ், 1800 வொட்ஸ் என்றுதான் பெரிதாகச் சொல்வார்கள். அது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது மட்டும்தான், எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்க்க எத்தனை வொட் அவர் என்று கேளுங்கள். ரிவரில் 256, டெல்டாவில் 1024. பற்றரியிலிருந்து 230 வோல்ட்டாக மாறும்போதே அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஸ்டாண்ட் ஃபேன் 55, பல்ப் இரண்டும் 18, ரவுட்டர் 12, ஆக 85 வொட்ஸ் என்று வைத்தால் ரிவர் இரண்டரை மணி நேரத்தில் படுத்துவிடும், டெல்டா பத்து மணி நேரம் தாங்கும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த நமக்கு இரண்டரை மணி நேரம் எந்த மூலைக்கு?

ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் 'டக்' என்று கிளம்பும்போது லைட் ஒரு தரம் மங்குமே, அந்த நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். ரிவர் அதற்கே நின்றுவிடக்கூடும். டெல்டா சமாளிக்கும், ஆனால் ஃபேன் ஓடும் நேரம் குறையும். கதவைத் திறக்காவிட்டால் ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் குளிர் நிற்கும் (சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எங்கே நடக்கப்போகிறது!), அதற்குப் பிறகு மாட்டினால் போதும்.

இரண்டிலும் இருப்பது லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பற்றரி, 3000 தரம் சார்ஜ் செய்த பிறகும் 80 வீதம் கொள்ளும் என்கிறார்கள். அதற்காக அலுமாரியில் வைத்து மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன், ஏழு மாதம் கழித்து இருட்டில் தட்டித் தடவி எடுத்தால் திரையில் 3 வீதம். மூன்று மாதத்துக்கு ஒருக்கா ஏற்றுங்கள்.

டெல்டாவையே எடுங்கள். 12 கிலோ இருக்கும், கரண்ட் போனால் லிஃப்ட்டும் நின்றுவிடும், அதனால் இருக்கும்போதே மேலே ஏற்றிவிடுங்கள்.