நர்சிங் சேரும் முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததிலிருந்து நர்சிங் படிப்பு பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் காமர்ஸ் குரூப். நர்ஸ் ஆக முடியுமா மேடம்? (தருமபுரியிலிருந்து ஓர் அம்மா)

முடியும்மா. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், அதனால் அது கிடைக்காது. மூன்று வருட ஜிஎன்எம் (பொது நர்சிங், பிரசவப் பராமரிப்பு) டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் எந்தக் குரூப்பையும் அனுமதிக்கிறது. பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்துப் பட்டதாரியும் ஆகலாம்.

நீட் எழுதணுமா அக்கா?

தமிழ்நாடு அரசுக் கவுன்சலிங்குக்கு பிளஸ் 2 மதிப்பெண்தான். மத்திய அரசின் மருத்துவ நிறுவனமான புதுச்சேரி ஜிப்மருக்கு நீட் வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரே வருடத்தில் நர்ஸ் ஆக்குகிறோம், வேலையும் உறுதி என்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம். வேலை கிடைக்கலாம், சின்ன கிளினிக்கில் ஊசி போடச் சொல்லி ஏதோ சம்பளமும் தருவார்கள். ஆனால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் அரசு வேலை இல்லை, வெளிநாடும் இல்லை. பதிவுக்குரிய படிப்புகளில் சின்னது ஏஎன்எம் (துணை நர்ஸ் படிப்பு), அதுவே இரண்டு வருடம்.

இரண்டு தனியார் கல்லூரிகளில் இடம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

கட்டடத்தையும் ஏசி வகுப்பையும் விடுங்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். சொந்த ஆஸ்பத்திரி என்று போர்டு இருக்கும். உள்ளே போனால் பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கும். மதியம் வார்டுப் பக்கம் நடந்து பாருங்கள். நோயாளிகள் இல்லாத இடத்தில் பிள்ளைகள் பொம்மைக்குத்தான் ஊசி போடுவார்கள். சில கல்லூரிகள் பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பும். அது தப்பில்லை. ஆனால் நாலு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே பிரசவ வார்டில் நின்றால் பின்வரிசைக்கு என்ன தெரியும்? கடைசி வருட மாணவிகளிடம் தனியாகக் கேளுங்கள்: "நீ கையாலே எத்தனை பிரசவம் பார்த்திருக்கே?" தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள். அப்புறம், ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். படிப்பை நடுவில் நிறுத்தினால் மீதி வருடக் கட்டணமும் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பையன் படிக்கலாமா? சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

தாராளமாக, தம்பி. ஐசியூ, எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர் என்று எங்கும் ஆண் நர்ஸ்கள் இருக்கிறார்கள். ஆனால் ராணுவ நர்சிங் கல்லூரிகளின் பி.எஸ்சி. போலச் சில இடங்களில் பெண்களை மட்டும்தான் சேர்ப்பார்கள்.

லண்டன் போக பி.எஸ்சி.தான் வேண்டுமா?

ஜிஎன்எம் படித்தவர்களும் போகிறார்கள். இங்கே கவுன்சில் பதிவு, ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, அப்புறம் கணினியில் எழுதும் நர்சிங் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. அதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாவது வேலை பாருங்கள். ஆங்கிலத்தை முதல் வருடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்; பலர் ஆங்கிலத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.