பாசி ஏரியில், கோளாறு வயலில்

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏரித் தண்ணீரைச் சுத்தமாக்க, மேலேயுள்ள மக்காச்சோள வயல்களில் சதுப்பு நிலமும் பிரெய்ரி என்ற அந்த ஊர் உயரப் புல்வெளியும் உண்டாக்குகிறார்களாமே. இரண்டும் எதற்கு? ஒன்று போதாதா?

பதில்: போதாது. ஏரியில் பாசியை வளர்ப்பது வயல் உரம்தான். அது ஏரிக்கு இரண்டு வழியில் போகிறது. உரத்திலுள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மழைநீரில் அடித்துப் போகும். நைட்ரஜன் சத்தான நைட்ரேட் தண்ணீரில் கரைந்து, வயலுக்கு அடியில் புதைத்த வடிகுழாய் வழியே சத்தமில்லாமல் இறங்கும். புல் மறிப்பது முதல் வழியைத்தான். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சோதனையில், வயலில் 10 சதவீதத்தைப் பிரெய்ரி பட்டையாக்கியதும் மண் இழப்பு சுமார் 95 சதவீதம் குறைந்தது. விறைப்பான தண்டுகள் அடைமழையிலும் சாயாமல் நின்று வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் குழாய் புல்லுக்கு அடியிலல்லவா போகிறது!

அதற்குத்தான் சதுப்பு நிலம். குழாய் வெளியே வரும் இடத்துக்குக் கீழே மண் கரை போட்டு, பலகை அடுக்கும் மதகு வைத்துத் தண்ணீரைத் தேக்குவார்கள். வடிகால் பரப்பில் அரை முதல் 2 சதவீதம் தேவை; 500 ஏக்கருக்கு இரண்டரை முதல் 10 ஏக்கர். அதில் முக்கால் பங்கு 3 அடி ஆழத்துக்குள் இருக்க வேண்டும். ஆழம் கூடினால் சம்புப் புல் வளராது. சம்பு மக்கினால்தான் சேற்று பாக்டீரியாவுக்குத் தீனி. காற்றில்லாத சேற்றில் அவை நைட்ரேட்டின் ஆக்சிஜனைச் சுவாசித்து, நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகின்றன.

பாஸ்பரஸ் அப்படிப் பறந்து போகாது. பல வருடம் உரம் தின்ற மேல்மண்ணை அப்படியே மூழ்கடித்தால், அதிலிருந்து கசிந்து ஏரிக்கே போகும். முதலில் மண் பரிசோதனை. அளவு அதிகமென்றால் மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்த வேண்டும். கெண்டை மீன் புகுந்தால் சேற்றைக் கிளறிக் கெடுக்கும். மதகுப் பலகையை எடுத்துத் தண்ணீரை வடித்து அதை ஒழிக்கலாம். இத்தனை செய்தாலும், ஏரியடியில் ஏற்கெனவே படிந்த வண்டல் இன்னும் பல கோடைகளுக்குப் பாசியை வளர்க்கும்.

கேள்வி: அயோவாவில் எங்கள் நிலத்தில் பிரெய்ரி விதைத்து ஒரு வருடமாகிறது. களைதான் தெரிகிறது. உழுதுவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் வருடம் இந்தப் புற்கள் வேரைத்தான் வளர்க்கும். மேலே நூல் மாதிரி நாலைந்து இலை இருக்கும், தேடிப் பாருங்கள். களை ஓரடி, ஒன்றரை அடி வளரும்போதெல்லாம் 4 முதல் 6 அங்குலம் விட்டு வெட்டுங்கள். நாற்றுக்கு வெயில் படும், களையும் விதை போடாது. இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான் பூவே காண்பீர்கள். உரம் மட்டும் போடாதீர்கள், களைதான் தின்னும்.