பேச்சை மாற்றும் அப்பாவிடம் நன்றி சொல்வது எப்படி?

கேள்வி: சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒலிப்பதிவு படிக்கப் போனேன். வீட்டில் எல்லோரும் எதிர்த்தபோது அப்பா மட்டும்தான் என் பக்கம் நின்றார். எனக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே, கேட்பவர்களிடமெல்லாம் "பொண்ணு சவுண்ட் இன்ஜினியர்" என்று சொல்லிவிடுவார். இப்போது ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்திருக்கிறேன். நன்றி சொல்ல வாயெடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார். என்றாவது விருது வாங்கும்போது மேடையில் சொல்லிக்கொள்ளட்டுமா? முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம் வாங்கித் தரலாமா?

பதில்: மேடை வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம். விருதோடு சேர்த்துச் சொன்னால், ஜெயித்ததற்கு நன்றி சொல்வது போல ஆகிவிடும். அவர் துணை நின்றதோ, நீங்கள் தேறுவீர்களா என்று யாருக்குமே தெரியாதபோது. போதாக்குறைக்கு, நாலு பேர் முன்னால் புகழ்ந்தால் இவரைப் போன்றவர்கள் நெளிவார்கள்.

பேச விடாதவருக்குக் கடிதம் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். "நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை" என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். அதை எந்த மகளும் எந்த அப்பாவுக்கும் எழுதலாம். உங்களிடம்தான் அருமையான விஷயம் இருக்கிறதே! "அப்பா, வேலை கிடைக்கும் முன்பே என்னை சவுண்ட் இன்ஜினியர் என்று சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது." இந்த இரண்டு வரியை எழுதிவிட்டால் பாதிக் கடிதம் முடிந்தது. நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்புறம், "இந்தக் கடனை எப்படி அடைப்பேன்" மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் கணக்கு வைத்துக்கொண்டு செய்யவில்லை.

அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தயங்குவீர்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற இரு ஆய்வாளர்கள் நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் அதைப் பெற்றவர்களையும் விசாரித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படிப்பவர் எவ்வளவு சங்கடப்படுவார் என்பதை எழுதியவர்கள் மிகையாகவே நினைத்திருந்தார்கள். எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதைக் குறைத்து நினைத்திருந்தார்கள். வார்த்தை சரியாக அமையவில்லையே என்று எழுதியவர்கள்தான் கவலைப்பட்டார்கள். படித்தவர்கள் பார்த்தது அதிலிருந்த அன்பை.

உங்களுக்கும் இதில் பலன் உண்டு. நன்றிக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி ஒரு மாதம் வரை கூடியிருந்ததாக உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் குழு 2005-ல் எழுதியது. அதனால் ஒரு கடிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். புதிதாக எதையாவது பதிவு செய்தால் அவருக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "எப்படி இருக்குப்பா?" என்று கேளுங்கள். அவருக்கு மிக்ஸிங் புரிய வேண்டும் என்று அவசியமில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு "சரி சரி, வேலையைப் பாரு" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும், பதில் எதிர்பார்த்து எதிரிலேயே நிற்காதீர்கள்.

கைக்கடிகாரம் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடிதம் கொடுக்கும் அன்றைக்கு வேண்டாம். "எதுக்கும்மா இவ்வளவு செலவு?" என்று அவர் பேச்சை மாற்ற நீங்களே வழிசெய்து கொடுத்தது போல ஆகிவிடும்.