நான்கு விருப்பம், ஒரு பட்டம்: பேரணாம்பட்டு அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ பயோ-மேத்ஸ் படிக்கும் பெண் நீட் எழுத மாட்டேன் என்கிறாள். பாலாற்றைப் பற்றிப் படிக்க வேண்டும், கோட்டை கோயில்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும், ஊர் ஜனங்களோடு பழகும் வேலையாக இருக்க வேண்டும், அதையெல்லாம் எழுதவும் வேண்டும் என்கிறாள். "இதெல்லாம் சேர்ந்து ஒரு படிப்பா சார்? இதுக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டி ஊருக்குப் போனால் கிணறு கிணறாகப் போய் ஆழத்தையும் தண்ணீர் ருசியையும் நோட்டில் எழுதிக்கொண்டு திரிகிறாள் என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகவே சொல்கிறேன். இந்த நான்கையும் ஒரே இளங்கலைப் பட்டத்தில் ஆழமாகக் கற்றுத்தர முடியாது. ஆனால் இந்த நான்கும் சேர்ந்தால்தான் நடக்கும் என்கிற வேலை நிறைய இருக்கிறது. அதற்கு நம் ஊரைவிட நல்ல சாட்சி வேறில்லை.

நீங்கள் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் சூப்பர்வைசர், அதனால் இந்தக் கதையின் ஒரு பக்கம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தோல் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து 1991-இல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது, பல பேருக்கு வேலை கொடுக்கிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே அது ஏற்றுக்கொண்டது. இன்று இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் பிள்ளைகள் வேலூர் பெயரைச் சொல்லித்தான் இந்த இரண்டு கொள்கைகளையும் படிக்கிறார்கள்.

தீர்ப்புக்கு அப்புறம் நடந்த வேலையை யோசித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்களைக் கண்டுபிடித்து இழப்பீடு நிர்ணயிக்க ஒரு ஆணையம் அமைக்க வேண்டியிருந்தது. எந்தக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறது, எந்த நிலத்தில் பயிர் வரவில்லை என்று சொல்ல மண்ணும் தண்ணீரும் தெரிந்தவர் வேண்டும். அந்த நிலத்தை நம்பி எத்தனை குடும்பம், சொந்த நிலமா, குத்தகையா, கூலிக்குப் போனவர் கணக்கில் வருவாரா என்று கேட்கச் சமூகம் தெரிந்தவர் வேண்டும். புதிய தொழிற்சாலை எங்கே வரலாம், எங்கே கூடாது என்று வரைபடம் வைத்துச் சொல்லத் திட்டமிடுபவர் வேண்டும். இதையெல்லாம் டேனரி தொழிலாளிக்கும் விவசாயிக்கும் ஒரே மேடையில், இருவரும் நம்பும்படி தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். இதில் ஒருவர் இல்லாவிட்டாலும் வேலை பாதியில் நின்றுவிடும். 2025 ஜனவரியிலும் பாலாறு மாசு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வந்தது என்றால், பாப்பா படித்து முடிக்கும்போது செய்வதற்கு வேலை மிச்சம் இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

வேலூர்க் கோட்டையும் அப்படித்தான். 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம். கல் இடுக்கில் பறவை எச்சத்தோடு விழும் ஆல், அரச விதை முளைத்தால் வேர் மதிலையே பிளக்கும். அகழித் தண்ணீரில் பாசி படிந்தால் மீன் சாகும். இதெல்லாம் உயிரியல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பக்கத்தில் கடை வைத்திருப்பவருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. அவரிடம் பேசாமல் எந்த மரபுத் திட்டமும் நிற்காது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல காலம் வழிபாடே இல்லாமல் இருந்து, 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்ததும் ஊர் மக்கள்தான். மரபு என்றால் கல் மட்டும் இல்லை என்பதை அந்த ஒரு சம்பவமே பாப்பாவுக்குப் புரியவைக்கும்.

வேலூரில் தொழுநோய்க்குச் சிகிச்சை செய்த வரலாற்றையும் அவள் படிக்கட்டும். 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தினார். கை சரியானாலும் ஊர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. தொழில் கற்றுக்கொடுக்கவும், பயத்தைப் போக்க ஊரில் பேசவும் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. கே.வி. குப்பத்தில் 1977 முதல் இயங்கும் ருஹ்சா மையம் மருத்துவத்தையும் ஊர் முன்னேற்றத்தையும் ஒன்றாகவே பார்ப்பதற்காக வந்தது. அவ்வளவு பெரிய விஷயம்கூட வேண்டாம், நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வேலூர் முள்ளுக் கத்திரி என்று புவிசார் குறியீடு வாங்கியது. அந்தச் செடியின் குணம், அந்த ஊர் மண், அதை வளர்க்கும் விவசாயிகளின் வரலாறு எல்லாவற்றையும் காகிதத்தில் நிரூபித்தால்தான் அந்தக் குறியீடு கிடைக்கும்.

சரி, சம்பளம் யார் கொடுப்பார்கள்? ஒரு உதாரணம் சொல்கிறேன். சுரங்கம், பெரிய ஆலை, சாலை போன்ற பல திட்டங்களுக்கு 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் உண்டு, அதற்கான சுருக்க அறிக்கையை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். இந்த மதிப்பீட்டைச் செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் நாபெட் என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு உயிரினச் சூழல், சமூகப் பொருளாதாரம், நிலப் பயன்பாடு என ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிபுணர் குழுவில் இருக்க வேண்டும். நிபுணர் என்று எழுதிக்கொடுக்க அந்தந்தத் துறையில் பட்டமும் அனுபவமும் கேட்பார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்பவருக்கு அந்த மேஜையில் நாற்காலி கிடையாது. ஒன்றில் ஆழமாக இருந்து, பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவதும் புரிகிறவர்தான் அங்கே மேலே வருகிறார்.

ஆகவே பாப்பா முதலில் ஒரு வேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கணிப்பில் அவளுக்கு இரண்டு வழி பொருந்தும்.

ஒன்று, திட்டமிடல், அதாவது ஊரும் நகரமும் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் படிப்பு. டெல்லி, போபால், விஜயவாடா என மூன்று ஊர்களில் மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே பி.பிளான் என்ற திட்டமிடல் இளங்கலையில் சேர, ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வில் அந்தப் படிப்புக்கான தாள் 2பி எழுத வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் இருப்பது கட்டாயம். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைத் திடுக்கிட வைத்தது: "கணக்கு வரலைன்னா இந்த வருஷம் அதை விட்டுட்டு பயாலஜியை மட்டும் பாருன்னு சொல்லிட்டேன்." தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கணிதம் எடுக்காத பியூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு இல்லாத இந்தக் கதவு அவளுக்குத் திறந்திருப்பதே கணிதத்தால்தான். அதில் தேறாமல் போனால் இந்த வழி இங்கேயே மூடிவிடும்.

இரண்டு, உயிரியல். வேலூரிலோ காட்பாடியிலோ வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் பி.எஸ்சி. தாவரவியல் அல்லது விலங்கியல். முடியுமானால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல். அதன்பின் முதுகலையில் கிளை விடலாம். டேராடூனில் இருக்கும் இந்திய வன உயிரின நிறுவனம் வன உயிரின அறிவியலோடு, மரபுப் பாதுகாப்பு மேலாண்மையிலும் எம்.எஸ்சி. நடத்தியிருக்கிறது. அந்தந்த ஆண்டு சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமூகப் பக்கம் போக ஆசைப்பட்டால் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை இருக்கிறது. புவியியல், சமூகவியல் போன்றவற்றில் முதுகலை முடித்தவர்களையும் எம்.பிளான் என்ற திட்டமிடல் முதுகலையின் சில பிரிவுகளில் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் பின்னால் திட்டமிடலுக்குத் திரும்பவும் வழி உண்டு.

எனக்கு இரண்டாவது வழிதான் மனதுக்குப் பிடித்திருக்கிறது. செலவு குறைவு, அவள் ஆசையும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் தாள் 2பி எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

எழுத்து வேலைக்கு இப்போதே தனிப் பட்டம் வேண்டாம். கல்லூரியில் படிக்கும் மூன்று வருடமும் மாதம் ஒரு கட்டுரை தமிழில் எழுதட்டும், அதை நீங்கள் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியாத இடத்தில் கோடு போட்டுக் கொடுங்கள். அறிவியலைத் தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நீளமான புதுப் பெயர் வைத்து, எல்லாத் துறையும் ஒன்றில் என்று விளம்பரம் செய்யும் படிப்புகள் வரும். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி ஒன்றில் லட்சக்கணக்கில் கட்டிப் படித்தான். அந்தப் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணையானது என்று யாராலும் சொல்ல முடியாததால், அரசு வேலை விண்ணப்பங்களில் திரும்பத் திரும்ப அவனைத் தள்ளிவிட்டார்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது. சேரும் முன் இணைச் சான்று உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைகளில் முதல் இரண்டு மூன்று வருடம் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த சொந்தக்காரப் பிள்ளையின் முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கும் வலிக்கும், அவளுக்கும் வலிக்கும். முதுகலை முடியும்வரை, அதாவது ஐந்தாறு வருடம், வீட்டுச் செலவுக்கு அவள் கையை எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா என்பதை மட்டும் நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றாலும் தவறில்லை, அதற்கு ஏற்ற மாதிரி வழியை மாற்றிக்கொள்ளலாம்.

ஜே.இ.இ. மெயின் வழக்கமாக ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. விண்ணப்பத்தில் தாள் 2பி என்பதைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும், அதைத் தவற விடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வேண்டும். அந்தக் கிணற்று நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், முதலில் அதைத்தான் பார்க்கப்போகிறேன்.