பயமும் ஸ்தோத்திரமும்: கேள்வி பதில்

பயத்தில் இருக்கிறவன் ஸ்தோத்திரம், அதாவது தேவனுக்கு நன்றி, சொல்வதால் என்ன ஆகும் என்று பலர் பலவிதமாகக் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் சபை ஊழியத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, பிலிப்பியர் 4:6 எனக்கு மனப்பாடம். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் நெஞ்சு படபடக்கிறது. வசனம் ஏன் உதவவில்லை? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

சகோதரி, பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய அந்த வசனத்தில் "ஒன்றுக்கும் கவலைப்படாமல்" என்பது மட்டும்தான் பலருக்குக் காதில் நிற்கிறது. உடனே, "நான் கவலைப்படுகிறேனே" என்று அதற்கும் சேர்த்து ஒரு கவலை வந்துவிடுகிறது. மீதியையும் வாசியுங்கள். விண்ணப்பங்களை "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும்" தெரியப்படுத்தச் சொல்கிறார் பவுல். விண்ணப்பத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அழுது கேளுங்கள், கூடவே ஸ்தோத்திரமும் இருக்கட்டும்.

பயம் பேசுகிற விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? "வந்துவிட்டால்", "போய்விட்டால்", "இல்லாமல் போனால்". எல்லாமே இன்னும் நடக்காதவை. ஸ்தோத்திரமோ "தந்தீர்", "நடத்தினீர்", "காத்தீர்" என்று நடந்து முடிந்ததைச் சொல்லும். நடக்காததைச் சுற்றிச் சுற்றி வருகிற மனதுக்கு அங்கே கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. ஆனால் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொன்னால் மனம் எதையும் தொடாமலே தாண்டிப் போய்விடும்.

என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவில் தியேட்டருக்கு வெளியே நின்றிருந்தேன். கை நடுங்கியதில் போனைப் பிடிக்க முடியவில்லை. அத்தனை வருடம் பிரசங்கம் செய்த வாயில் ஒரு வசனமும் வரவில்லை. ஒரு நர்ஸ் எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "உட்காருங்க ஐயா" என்றார். ஒரு கால் லேசாக ஆடுகிற நாற்காலி. "ஆண்டவரே, இந்த நாற்காலிக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அதுதான் அன்றைக்கு என் முதல் ஜெபம். பிறகு அந்த நர்ஸுக்காக, பிறகு உள்ளே இருக்கிற டாக்டரின் கைக்காக. விடியும்வரை ஒவ்வொன்றாக வந்தது. நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் தனியாக நடுங்கவில்லை.

அடுத்த வசனத்தில் தேவசமாதானம் உங்கள் இருதயத்தைக் "காத்துக்கொள்ளும்" என்று வருகிறதே, அந்தக் கிரேக்கச் சொல் காவற்படை ஒரு நகரைக் காப்பதைக் குறிப்பது. எழுதியவரோ அப்போது தானே கட்டப்பட்டுக் காவலில் இருந்தார். காவல் என்றால் என்னவென்று அறிந்த கை எழுதியது.

தினமும் ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னால் பயம் போய்விடுமா?

எண்ணிக்கைக்குப் பலன் இல்லை. இரண்டு சொல்லுங்கள், எதற்காக என்று தெரிந்து சொல்லுங்கள்.

எனக்குப் பயம் வருகிறது என்றாலே விசுவாசம் இல்லை என்று அர்த்தமா, பாஸ்டர்? (கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி. ஆண்டவர் இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவின் வரிசையைப் பார். அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். ஸ்தோத்திரப்பாட்டுப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் கெத்செமனேயில் அவர் திகிலடையவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். ஸ்தோத்திரம் செய்த அதே இரவு, அதே இருதயம். உன் பயம் உன்னை அவருக்கு அந்நியனாக்கிவிடாது.

அப்போஸ்தலர் 27-ஐயும் வாசி, பவுல் கைதியாகக் கப்பலில் போனபோது நடந்தது. பதினான்கு நாள் புயல். அநேக நாளாய்ச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. யாரும் சாப்பிடவில்லை. பவுல் அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாக தேவனை ஸ்தோத்திரித்துப் பிட்டுச் சாப்பிடுகிறார். அதனால் காற்று அடங்கியதா? இல்லை. கப்பலே பிறகு உடைந்துபோனது. ஆனால் எல்லாரும் திடமனப்பட்டுச் சாப்பிட்டார்கள். கரைக்கு நீந்தப் பலம் வேண்டுமே!

பயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்தோத்திரம் சொல்லப் பழகிவிட்டால் நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் குறைக்காதீர்கள். அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே அதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது. அப்படியானால் நோய்க்காகவும் மரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். இதை ஏன் மழுப்புகிறீர்கள்? (ஓர் இளம் ஊழியர்)

மழுப்பவில்லை தம்பி, நேராகவே பேசுவோம். 1 தெசலோனிக்கேயர் 5:18-இல் "எல்லாவற்றிலேயும்" என்று இருக்கிறது. எபேசியரில் "எல்லாவற்றிற்காகவும்" என்றுதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனம் அந்தகாரக் கிரியைகளைக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. 16-ஆம் வசனம் நாட்கள் பொல்லாதவைகள் என்கிறது. பொல்லாததைப் பொல்லாதது என்று எழுதிய கை, நாலு வசனம் தள்ளி அதற்கே நன்றி சொல்லச் சொல்லுமா? இறந்த லாசருவை உயிரோடு எழுப்பப்போன கல்லறையில் இயேசு எதற்காக ஸ்தோத்திரித்தார்? "நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால்." லாசரு செத்ததற்காக அல்ல. சற்று முன்புதான் அவர் கண்ணீர்விட்டிருந்தார்.

ஆனால் பெட்சி டென் பூம் தெள்ளுப்பூச்சிக்காகவே ஸ்தோத்திரம் சொன்னாரே! (அதே ஊழியர்)

சொன்னார். 1944-இல், நாஜிகளின் ராவன்ஸ்புரூக் சிறைமுகாமில் கைதியாக இருந்தபோது. தங்கை கொர்ரியால் முதலில் அதை ஏற்கவே முடியவில்லை. அந்தப் பூச்சிகளுக்குப் பயந்துதான் காவலர்கள் உள்ளே வருவதில்லை, அதனால்தான் அங்கே வேதம் வாசிக்க முடிந்தது என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் பெட்சி எங்கே இருந்து அதைச் சொன்னார் என்று பாருங்கள். அதே படுக்கையில், அதே கடியைப் பட்டுக்கொண்டு. அதே ஆண்டு டிசம்பரில் அங்கேயே இறந்தும் போனார். கடிபடாத இடத்தில் நின்றுகொண்டு நாம் அதைச் சட்டமாக்கக் கூடாது.

நான் நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் மகனை அடக்கம் செய்த அன்று ஒருவர் என் கையைப் பிடித்து, "இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்க அம்மா" என்றார். அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்கவே முடியவில்லை.

அம்மா, உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. ஊழியக்காரர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்பதுதான் எங்களுக்குக் கட்டளை. உங்கள் மகன் இறந்ததற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அவன் உங்களோடு இருந்த நாட்களுக்குச் சொல்ல என்றாவது மனம் வந்தால் சொல்லுங்கள். இன்று வராவிட்டால் அழுதாலே போதும். சங்கீதங்களில் எத்தனையோ அழுகைதான், அவையும் ஜெபமே.

தம்பி, இதை நீங்களும் வாசித்திருப்பீர்கள். ஸ்தோத்திர வசனத்தை உங்கள் காயத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் காயத்தில் வைக்காதீர்கள். வசனத்தின் பொருளைப் பற்றி இன்னும் பேச வேண்டுமானால் எனக்குத் தனியாக எழுதுங்கள், மகிழ்ச்சியோடு பேசுகிறேன். இந்த அம்மா வாசித்துக்கொண்டிருக்கிற இடத்தில் இனி வேண்டாம்.

வேலை போய்விடுமோ என்ற பயத்துக்கு எந்த வசனம்? / பரீட்சை பயத்துக்கு எந்த வசனம்? / விமானப் பயணத்துக்கு?

மூன்றுக்கும் தனித்தனி வசனம் கிடையாது. வேதம் மருந்துக்கடை அலமாரி அல்ல. முதல் பதிலைப் படியுங்கள்.

ஸ்தோத்திரம் சொன்னால் கேட்டது சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்களே?

ஸ்தோத்திரம் முன்பணம் அல்ல. தானியேல், ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்ற கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்தானதை அறிந்த பிறகும், முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஸ்தோத்திரம் செலுத்தினார். கிடைத்தது சிங்கக் கெபி. காக்கப்பட்டதும் அதற்குள்ளேதான்.

என் கனவில் அடிக்கடி பாம்பு வருகிறது...

கனவுக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. உங்கள் சபைப் போதகரிடம் பேசுங்கள்.

பயம் போக எந்த வசனம், ஐயா?

மேலே எழுதிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

அண்ணா, நாளைக்கு ரிசல்ட் வருகிறது. கட்டி சாதாரணமானதா இல்லையா என்று தெரிந்துவிடும். நாற்காலிக்குக்கூட என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

தங்கச்சி, பவுல் போன அந்தப் புயல் கப்பலில் இருநூற்று எழுபத்தாறு பேர் இருந்தார்கள். ஸ்தோத்திரம் செய்ததாக லூக்கா எழுதுவது பவுல் ஒருவரைத்தான். மற்றவர்கள் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு உனக்காக நான் சொல்கிறேன். நீ ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படு. நாளைக்கு ரிசல்ட் எதுவாக இருந்தாலும் இங்கேயே எழுது, பார்த்துக்கொண்டிருப்பேன்.