அம்மாவின் குரல் எனக்கும்: மாற்ற முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 29. அம்மாவுக்கு இருக்கும் அதே கீச்சுக் குரல் எனக்கும். போனில் பேசினால், “பாப்பா, அம்மாகிட்ட குடு” என்கிறார்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் பேசும்போது மட்டும் குரல் சற்று இறங்குகிறது. இது பரம்பரையா, மொழியா? மாற்ற முடியுமா?

பதில்: இரண்டும்தான்.

குரல் நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றனவோ, அதுதான் சுருதி. ஆண்களுக்குச் சுமார் 120, பெண்களுக்குச் சுமார் 200. நாண்களின் நீளமும் தடிமனும் இதற்கு அடிப்படை. அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஐஸ்லாந்தில் ஏறக்குறைய 13,000 பேரின் குரலைப் பதிவு செய்து, அவர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. ஏபிசிசி9 என்ற மரபணுவில் சில மாறுபாடுகள் உள்ளவர்களுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், சுருதி கூடுதலாக இருந்தது. அதற்காக அந்த ஒன்றே குரலை முடிவு செய்கிறது என்று எண்ண வேண்டாம்.

மரபணு தருவது ஓர் எல்லையைத்தான். அதற்குள் எந்த இடத்தில் பேசுகிறோம் என்பது பழக்கம். ஜப்பானிய மொழி, ஆங்கிலம் இரண்டும் பேசும் பெண்களை ஆராய்ந்தபோது, ஜப்பானிய மொழிக்கு மாறியதும் அவர்கள் குரல் உயர்ந்தது. அதே நாண்கள், அதே மரபணுக்கள்! உங்களுக்கு ஆங்கிலத்தில் குரல் இறங்குவதும் இந்த வகைதான். அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்தது நாண்கள் மட்டுமல்ல. சிறு வயதில் கேட்டுப் பழகிய ஏற்ற இறக்கமும்தான்.

போனைப் பற்றி ஒன்று: சாதாரண தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்சுக்கு, அதாவது நொடிக்கு 300 அதிர்வுகளுக்குக் கீழான ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடும். கனம் குறைந்து, குரல் மெலிந்து கேட்கும். எனவே போனில் பிறர் சொல்வதை வைத்து உங்கள் குரலை எடை போடாதீர்கள். பதிவு செய்து நீங்களே கேளுங்கள்.

தொண்டையை அழுத்திக் குரலைத் தாழ்த்தவே கூடாது. நாண்கள் களைத்துக் கரகரப்புதான் மிஞ்சும். இப்படிச் செய்துகொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். யாரோ சொல்வதை ஆமோதித்து, உதடு மூடி, இயல்பாக “ம்ம்” சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு வசதியான சுருதி அதுதான். அதே சுருதியில் “ம்ம்… மழை”, “ம்ம்… மாலை” என்று தொடர்ந்து, பிறகு முழு வாக்கியத்துக்கு வாருங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். பேச்சுப் பயிற்சியாளர் உடனிருந்தால் இன்னும் நல்லது.

குரல் திடீரென மாறினாலோ, கரகரப்பு மூன்று வாரம் தாண்டினாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைக் காட்டிவிடுங்கள்.