பக்கத்து வீட்டில் ரேடான் குறைவு என்றால் நாங்களும் பரிசோதிக்க வேண்டுமா? (மேரிலாந்து, மான்ட்கமரி கவுன்ட்டி)

கட்டாயம் வேண்டும். மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடான், தளத்து விரிசல், சம்ப் குழி (தளத்தில் நீர் சேரும் குழி), குழாய் நுழையும் இடுக்கு வழியாக ஏறுகிறது. இவை வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் கவுன்ட்டி அமெரிக்க ரேடான் வரைபடத்தில் மண்டலம் 1, அதாவது அதிக ரேடான் வாய்ப்புள்ள பகுதி. தனிவீடு விற்க 2016 அக்டோபரிலிருந்தே பரிசோதனை அவசியம், ஆனால் விற்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ரேடானை உறிஞ்சும் கரி டப்பா கிட் போதும். ஆள் புழங்கும் கீழ்த்தளத்தில், தரையிலிருந்து 20 அங்குலமாவது உயரத்தில், ஜன்னல், வெளிக்கதவிலிருந்து 3 அடி தள்ளி வையுங்கள். சமையலறை, குளியலறை வேண்டாம். 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களை மூடிவிடுங்கள். ஆள் போகவரக் கதவைத் திறக்கலாம். கிட்டில் சொன்னபடி 2 முதல் 4 நாள் விடுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். மூடிய டப்பா மேசையில் ஒரு வாரம் கிடந்தால் அளக்கக் கால் பங்குக்குச் சற்று அதிகம்தான் மிஞ்சும். மூடிய நேரத்தைப் படிவத்தில் எழுதி அன்றே ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள்.

முடிவு லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்க அலகு) அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி அளந்து உறுதிசெய்யுங்கள். 8-க்கு மேல் என்றால் உடனே. 2-க்கும் 4-க்கும் இடையிலும் சரிசெய்வது நல்லது என்பேன், நுரையீரல் புற்றுநோய் விஷயம் இது.

தீர்வு, தளத்துக்கு அடியிலிருந்து பிவிசி குழாயும் விசிறியும் வைத்துக் காற்றைக் கூரைக்கு மேலே வெளியேற்றுவது. குழாயிலுள்ள யு வடிவ அழுத்தமானியில் திரவம் இருபக்கமும் சமமாக நின்றால் விசிறி இழுக்கவில்லை.